பராமரிப்பின் காலக்கணக்கு

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் ஒருமுறை பிரயாணம் செய்தவர்களுக்கு, இந்தச் சமவெளியின் ஜீவனம் பெரும்பாலும் சக்கரங்களின்மேல் நடைபெறுகிறது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், பிரேக் லைனிங் அடிக்கும் கடைகளும், ஸ்பிரிங் பட்டை மாற்றும் கொட்டகைகளும் சாலையோரத்தில் ஒன்றையடுத்து ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். சங்ககிரி லாரிகளுக்கும், திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக்குகளுக்கும், நாமக்கல் கேஸ் டேங்கர்களுக்கும் சொந்தக்காரர்களாகிய இப்பகுதிக் குடும்பங்களில், எந்த வண்டிக்கு எப்போது ஆயில் மாற்றினோம், எந்த ஆக்ஸிலுக்கு எப்போது கிரீஸ் அடித்தோம் என்பதை நோட்டுப் புத்தகம் பாராமலே சொல்லக்கூடிய பெரியவர்கள் பலர் உண்டு. அத்தகைய வீடுகளிலுங்கூட, போர்ட்டிகோவில் நிற்கும் குடும்பக் காரைப் பற்றி விசாரித்தால், "அது எங்கீங்க ஓடுது, சும்மா நிக்கிற வண்டிதானுங்களே" என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. ஓடுகிற வண்டி தேயும், நிற்கிற வண்டி தேயாது என்னும் இந்த நம்பிக்கை லாரியைப் பொறுத்தவரையில் ஏறக்குறைய உண்மை; காரைப் பொறுத்தவரையில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

நம் நாட்டில் இன்று விற்பனையாகும் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றின் கையேட்டில், 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, இவ்விரண்டில் எது முந்துகிறதோ அப்போது வண்டியைச் சர்வீஸுக்கு விட வேண்டும் என்று எழுதியிருக்கும். வாங்குகிறவர் முதல் எண்ணை மனத்தில் பதித்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிடுவது வழக்கம். ஆனால் அந்த இரண்டு எண்களும் ஒரே விஷயத்தை இருவிதமாகச் சொல்வன அல்ல. டயரின் ரப்பரும், பிரேக் பேடும், கிளட்ச் தட்டும், பிஸ்டன் வளையமும் தூரத்தால் தேய்கின்றன. பிரேக் திரவமும், கூலன்டும், பேட்டரியும், குழாய்களும் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலத்தால் கெடுகின்றன. எஞ்சின் ஆயிலோ இரண்டு வகையிலும் கெடுகிறது. இவையன்றி, கையேட்டின் பின்பக்கங்களில், பெரும்பாலோர் புரட்டாத இடத்தில், கடுமையான உபயோகத்துக்கென்று வேறோர் அட்டவணையும் இருக்கும். தூசி மிகுந்த சாலை, அடிக்கடி செய்யும் குறுகிய பயணம், மலைப்பாதை, கடும் வெயிலில் நெரிசலான நகரத்தில் ஊர்ந்து செல்லுதல் ஆகியவை அதில் கடுமை எனக் கணக்கிடப்பட்டு, சர்வீஸின் இடைவெளி குறைக்கப்பட்டிருக்கும். சில கையேடுகளில் அது பாதியாகவே ஆகிவிடுகிறது. ஏற்காடும் கொல்லிமலையும் இருபுறம் நிற்க, சித்திரையில் பாதரசம் 40 டிகிரியைத் தொட, கல் குவாரியின் புழுதியில் பள்ளிக்கும் கடைவீதிக்கும் போய்வரும் ஒரு கார், அந்தப் பட்டியலில் எந்த நிபந்தனையிலிருந்து தப்ப முடியும் என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

முந்தைய தலைமுறையினருக்கு இந்த இடைவெளி இவ்வளவு நீண்டதாக இருக்கவில்லை. 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரை வைத்திருந்தவர்கள், முன்சக்கரங்களை அடுத்துள்ள கிரீஸ் நிப்பிள்களுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை துப்பாக்கியால் கிரீஸ் ஏற்றவும், பிளாட்டினம் பாயின்டின் இடைவெளியைச் சரிபார்க்கவும், கார்புரேட்டரைக் கழற்றித் துடைக்கவும் கடமைப்பட்டிருந்தார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு, ஆயுள் முழுவதற்குமாக கிரீஸ் நிரப்பி மூடப்பட்ட மூட்டுகளும், பின்னர் மின்னணு இக்னிஷனும், எரிபொருளை அளந்து தெளிக்கும் இன்ஜெக்டர்களும் இந்த வேலைகளை ஒவ்வொன்றாக நீக்கின. எரிபொருளும் சுத்தமாயிற்று. பெட்ரோலிலும் டீசலிலும் உள்ள கந்தகம் எரிந்து அமிலமாகி எஞ்சின் ஆயிலைக் கெடுப்பது. பாரத் ஸ்டேஜ் நான்காம் நிலையில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வரை அனுமதிக்கப்பட்ட அந்தக் கந்தகம், 2020 ஏப்ரல் முதல் ஆறாம் நிலையில் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. ஆகவே இடைவெளி நீண்டதற்கு நியாயமான விஞ்ஞானக் காரணங்கள் உண்டு. ஆனால் எந்தக் காரணமும் சேலத்து வெயிலையும் மண்ணையும் மாற்றிவிடவில்லை.

எஞ்சின் ஆயிலிலிருந்து தொடங்குவோம். 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பொஷாம்ப் டவர் என்னும் பொறியாளர், ரயில் வண்டி அச்சைத் தாங்கும் பேரிங்கில் எண்ணெய் எவ்வாறு வேலை செய்கிறது என்று பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது, பேரிங்கின் உச்சியில் தாம் இட்ட துளையின் வழியே எண்ணெய் மேலெழுந்து வருவதைக் கண்டார். தக்கையை வைத்து அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையை அடித்தார், அதுவும் நகர்ந்து வெளியே வந்தது. சுழலும் அச்சு தன்னைச் சுற்றியுள்ள எண்ணெயைக் குறுகிய இடைவெளிக்குள் இழுத்துச் சென்று, அங்கே பெரும் அழுத்தத்தை உண்டாக்கி, அந்த அழுத்தத்தின்மேல் தானே மிதக்கிறது என்பதை, மூன்றாண்டுகளுக்குப் பின் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் கணித முறையில் விளக்கினார். இன்றைய காரின் கிராங்க் ஷாப்ட் மிதப்பதும் இவ்விதமே. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனமுள்ள எண்ணெய்ப் படலம் மாத்திரமே. மணிக்குச் சராசரி 30 கிலோமீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 2,000 சுற்று வீதம் கணக்கிட்டால், 10,000 கிலோமீட்டருக்குள் அந்த அச்சு சுமார் நான்கு கோடி முறை சுழன்றுவிடுகிறது. அத்தனை சுழற்சியிலும் அந்தப் படலம் அறுபடாமல் இருக்க வேண்டும்.

அப்படலம் அறுபடுவது எப்போது? எண்ணெய் அதன் பாகுத்தன்மையை இழந்து நீர்த்துப்போகும்போதும், அல்லது ஆக்ஸிஜனோடு கூடித் தடித்துப் பிசினாகும்போதும்தான். உஷ்ணம் பத்து டிகிரி ஏறுந்தோறும் ரசாயன வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது என்னும் பொதுவிதி, 1889ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி அரீனியஸ் வகுத்த சமன்பாட்டிலிருந்து பெறப்படுவது. எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்டின் உஷ்ணத்தைத் தெர்மோஸ்டாட் கட்டுக்குள் வைக்கிறது. ஆனால் அடியிலுள்ள ஆயில் சம்ப்பில் தேங்கும் எண்ணெயைப் பெரும்பாலான சிறிய கார்களில் அதன்மேல் வீசும் காற்றுதான் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. வைகாசி மத்தியானத்தில் தார்ச்சாலையிலிருந்து எழும் அனலையே அந்தக் காற்று கொண்டுவருகிறது. எண்ணெயின் உஷ்ணம் இருபது டிகிரி கூடினால் அது ஆக்ஸிஜனால் கெடும் வேகம் நான்கு மடங்காகும் என்பதை நினைத்தால், குளிர்நாட்டில் எழுதப்பட்ட கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பது விளங்கும்.

இனி, ஓடாத காரின் கதைக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய 900 கிராம் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விட்டாலும், ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெய் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடுகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூடுதலாகத் தெளிக்கப்படும் பெட்ரோலில் எரியாமல் எஞ்சியதும் அதனுடன் சேருகிறது. எண்ணெய் நன்றாகச் சூடேறி அரைமணி நேரமாவது அந்தச் சூட்டிலேயே இருந்தால், நீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறிவிடும். நாமக்கல்லிலிருந்து தினந்தோறும் சேலத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் தூரம் உத்தியோகத்துக்குப் போய்வரும் ஒருவருடைய காரில் இது இயல்பாகவே நடந்துவிடுகிறது. மாறாக, ராசிபுரத்தில் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் உள்ள பள்ளிக்குக் குழந்தைகளை விட்டுவிட்டு, திரும்பும் வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தப்படும் காரில், எண்ணெய் ஒருநாளும் முழுச் சூட்டை எட்டுவதில்லை. நீர் தங்குகிறது, எண்ணெயிலுள்ள அமில எதிர்ப்புப் பொருள் தீர்கிறது, வால்வு மூடியின் உட்புறத்தில் சில சமயம் மோர் நிறத்தில் ஒரு கசடும் படிகிறது. நம்முடைய வெப்பத்தில் எஞ்சின் விரைவில் சூடேறிவிடுவதால் ஐரோப்பாவின் பனிக்காலத்தில் நேரும் அளவுக்கு இங்கே சேதம் இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எனினும், வருஷத்துக்கு 30,000 கிலோமீட்டர் ஓடும் முதல் காரைக் காட்டிலும், 4,000 கிலோமீட்டரே ஓடும் இரண்டாவது காரின் எண்ணெய், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதிகத் துன்பத்தை அனுபவிக்கிறது. லாரிக்கார வீட்டுப் பெரியவரின் அனுபவம் காருக்குப் பொருந்தாமற்போவது இந்த இடத்தில்தான். அவருடைய லாரி சூடான எஞ்சினோடு இரவெல்லாம் ஓடுகிறது, அவருடைய கார் சூடேறுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது.

ஆதலின் எஞ்சின் ஆயிலைப் பற்றி என்னுடைய நிர்ணயம் இது: நீண்ட தூரம் ஓடும் கார், கையேடு சொல்லும் 10,000 கிலோமீட்டரை முழுதும் ஓடலாம், ஊருக்குள்ளேயே சுற்றும் கார், தூரம் எவ்வளவு குறைவாயினும், ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் எண்ணெய் மாற்றிக்கொள்ள வேண்டும், அது புழுதியிலும் ஓடுமானால் ஆறு அல்லது எட்டு மாதத்தில் மாற்றுவது உத்தமம். எண்ணெய் கறுத்துவிட்டது என்பதை மட்டும் வைத்து மாற்றச் சொல்லும் வழக்கத்துக்கு ஆதாரம் இல்லை. கரித்துகள்கள் ஒன்றோடொன்று கூடிக் கட்டியாகிவிடாமல் தனித்தனியே மிதக்கவைக்கும் பொருள்கள் இன்றைய எண்ணெயில் கலந்திருக்கின்றன; அவை தம் வேலையைச் செய்வதால்தான் எண்ணெய் கறுக்கிறது. டீசல் எஞ்சினில் புதிய எண்ணெய் சில நூறு கிலோமீட்டருக்குள்ளேயே மைபோலாகிவிடும். கவனிக்க வேண்டியது நிறத்தையன்று, அளவை. மாதம் ஒருமுறை, வண்டி சமதரையில் நின்று எஞ்சின் ஆறியபிறகு, டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து மீண்டும் விட்டு எடுத்து, எண்ணெய் இரு கோடுகளுக்கும் நடுவே நிற்கிறதா என்று பார்ப்பது, எந்தச் சர்வீஸ் நிலையத்தின் உதவியும் இல்லாமல் வீட்டில் யாரும் செய்யக்கூடிய காரியம்.

அடுத்தபடியாக மிக முக்கியமானது, எஞ்சின் சுவாசிக்கும் காற்று. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோல் பூரணமாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 10,000 கிலோமீட்டர் ஓடுவதற்குள் சுமார் 60 லட்சம் லிட்டர் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுகிறது. அத்தனை காற்றும் ஒரு காகித வடிகட்டியின் மடிப்புகளினூடே நுழைந்தாக வேண்டும். சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டும் பகுதியில் சாலையோர மரங்களின் இலைகள்மேலும் வெண்தூள் படிந்திருப்பதைப் பார்த்து, அந்தத் தூளே எஞ்சினுக்குப் பெரும் சத்துரு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்த வெள்ளைக்கல்லாகிய மாக்னசைட் மென்மையான கனிமம். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் நான்கை ஒட்டியதே. குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லின் கடினமோ ஏழு. நம் செம்மண்ணிலும், கருங்கல் ஜல்லி உடைக்கும் கிரஷர்களின் புழுதியிலும் இருப்பது இந்தப் படிகத்துகளே. சிலிண்டரின் வார்ப்பிரும்பைக் கீறிவிடும் வல்லமை அதற்கு உண்டு. எண்ணெய்ப் படலத்தின் கனத்தைவிடச் சற்றுப் பெரிய துகள் உள்ளே புகுந்தால், அது இரு உலோகப் பரப்புகளையும் ஒரே சமயத்தில் தொட்டு அராவுகிறது. கண்ணுக்குத் தெரியும் வெண்தூளுக்கு அஞ்சுகிறவர்கள், கண்ணுக்குத் தெரியாத இந்தச் செந்தூளுக்கு அதிகம் அஞ்ச வேண்டும்.

வடிகட்டியின் பெட்டியைத் திறந்து பார்ப்பது சுலபம். பல கார்களில் நான்கு கிளிப்புகளை நீக்கினால் போதும். காகித மடிப்புகளின் அடியில் கோடுகோடாகச் செம்புழுதி தேங்கியிருப்பதும், ஒரு மூலையில் வேப்பிலையோ இறந்த பூச்சியோ கிடப்பதும் காணலாம். பட்டறைகளில் அதைத் தரையில் தட்டி, கம்ப்ரஸர் காற்றை அதிக அழுத்தத்தில் அடித்து, மீண்டும் மாட்டிவிடுகிறார்கள். அவ்வாறு அடிக்கும் காற்று, குறிப்பாக வெளிப்புறத்திலிருந்து அடிக்கும்போது, காகிதத்தின் நார்களுக்கிடையே துகளை இன்னும் ஆழமாகச் செலுத்திவிடும். சில சமயம் காகிதம் கிழிந்தும்போகும். கிழிந்த வடிகட்டியைக் காட்டிலும் அழுக்கடைந்த வடிகட்டி எவ்வளவோ மேலானது. அழுக்கடைந்தது இழுவையைத்தான் குறைக்கும், கிழிந்ததோ எஞ்சினையே தின்றுவிடும். நல்ல சாலையில் ஓடும் காருக்கு 20,000 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேலும் தாங்கும் இந்தப் பொருளை, குவாரிப் பக்கத்திலும் மண்பாதையிலும் ஓடும் காருக்கு ஒவ்வொரு சர்வீஸிலும் மாற்றிவிடுவதே சிக்கனம்.

கூலன்டைப் பற்றிச் சமவெளியில் ஒரு நியாயமான கேள்வி எழுவதுண்டு. உறைபனியே விழாத ஊரில் உறையாத திரவம் எதற்கு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் போதாதா என்பதே அது. எத்திலீன் கிளைக்கால் கலந்த அந்தத் திரவம் உறைநிலையைத் தாழ்த்துவதோடு கொதிநிலையை உயர்த்தவும் செய்கிறது. அதைவிட முக்கியமாக, அலுமினியமும் இரும்பும் அரிக்கப்படாமல் காக்கும் பொருள்கள் அதில் கரைந்திருக்கின்றன. நம் போர்வெல் தண்ணீரோ கடின நீர். வீட்டுப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே கால்சியமும் மக்னீசியமும் எஞ்சினின் குறுகிய நீர்வழிகளிலும் படிந்து, உஷ்ணம் வெளியேறுவதைத் தடுக்கின்றன. காக்கும் பொருள்கள் காலப்போக்கில் தீர்ந்துவிடுவதால், பழைய வகைத் திரவத்தை இரண்டு மூன்று ஆண்டுகளிலும், நீண்டகால வகையைக் கையேடு சொல்லும் காலத்திலும் மாற்ற வேண்டும். நடுவழியில் அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால் தவறில்லை. ஆனால் அதை மறந்துவிடாமல் அடுத்த சில நாட்களுக்குள் முழுவதும் இறக்கிப் புதிதாக நிரப்ப வேண்டும். ஏனைய பாகங்களைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. டயரின் காற்றை இரு வாரத்துக்கொருமுறை பார்ப்பதும், 10,000 கிலோமீட்டருக்கொருமுறை டயர்களை இடம் மாற்றுவதும், டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்களில் பொறித்திருக்கும் வாரத்தையும் ஆண்டையும் படித்து அதன் வயதை அறிவதும், நம் வெப்பத்தில் பேட்டரியின் ஆயுள் மூன்று நான்கு ஆண்டுதான் என்று எதிர்பார்த்திருப்பதும் போதுமானவை. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினானால், அதற்கு விதித்த தூரத்தை ஒருநாளும் கடக்கக் கூடாது. பெல்ட் அறுந்தால், பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனோடு மோதி எஞ்சினே பாழாகிவிடும்.

இவ்வளவும் கேட்டபின், எதற்கும் அடிக்கடி பிரித்துப் பார்த்துவிடுவதே க்ஷேமம் என்று ஒருவர் முடிவு செய்வாரானால், அவருக்கு இரண்டாம் உலக யுத்தகாலத்து ஆராய்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவில், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிச் சென்ற விமானங்கள் ஏன் இவ்வளவு நேரம் பழுதுற்று நிற்கின்றன என்று ஆராய்ந்த குழுவில், கரு வளர்ச்சியை ஆராய்ந்து பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற கான்ராட் ஹால் வாடிங்டன் என்னும் உயிரியல் விஞ்ஞானி இருந்தார். விமானங்களில் எப்போது பழுது ஏற்பட்டது என்னும் குறிப்புகளை, கடைசியாக முறைப்படி பரிசோதித்தது முதல் பறந்த மணிக்கணக்கின்படி வரிசைப்படுத்திப் பார்த்தபோது, யாரும் எதிர்பாராத உண்மை ஒன்று புலப்பட்டது. பரிசோதனை முடிந்த உடனேதான் பழுதுகள் மிகுதியாக இருந்தன. பிறகு அவை படிப்படியாகக் குறைந்தன. நன்றாக வேலை செய்துகொண்டிருந்ததைப் பிரித்து மறுபடி பூட்டியதே அந்தப் பழுதுகளை உண்டாக்கியது. பரிசோதனைகளின் இடைவெளியை நீட்டி, வேண்டாத பிரித்தல்களைக் குறைத்தவுடன், விமானங்கள் பறக்கும் நேரம் கூடிற்று. 1978ஆம் ஆண்டில் அமெரிக்க விமானக் கம்பெனியொன்றின் பொறியாளர்களான நோலனும் ஹீப்பும் வெளியிட்ட அறிக்கை இதை மேலும் வலுப்படுத்தியது. அவர்கள் ஆராய்ந்த விமான உறுப்புகளில் 89 சதவீதத்துக்கு, வயது கூடக்கூடப் பழுது கூடும் என்னும் லட்சணமே காணப்படவில்லை.

இந்த ஆராய்ச்சியைக் காருக்குப் பொருத்தினால், கெடுகிற பொருளையும் தேய்கிற பொருளையும் காலத்தில் மாற்றுவதும், மற்றவற்றைக் கண்ணாலும் காதாலும் பரிசோதித்து விட்டுவிடுவதுமே முறை என்பது பெறப்படும். எஞ்சினை உள்ளே கழுவுகிறோம், இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்கிறோம், கரி நீக்குகிறோம் என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பட்டியலில் சேர்க்கப்படும் வேலைகள், இழுவை குறைதல், எஞ்சின் துடித்தல் போன்ற குறி ஏதும் இல்லாத காருக்கு அவசியமில்லை. மூன்று மாதத்துக்கொருமுறை வாட்டர் சர்வீஸ் என்று எஞ்சின் அறைக்குள்ளும் அதிக அழுத்தத்தில் நீர் பாய்ச்சுவது, மின்னிணைப்புகள் நிறைந்த இன்றைய எஞ்சினுக்குத் தீங்காகவும் முடியலாம். சர்வீஸ் முடிந்து வண்டியை எடுத்தவுடன் ஊர்ப்பயணம் புறப்படாமல், இரண்டு மூன்று நாள் உள்ளூரில் ஓட்டி, ஆயில் கசிவு உண்டா, சக்கர நட்டு இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பின்பு புறப்படும்படி நான் எப்போதும் சொல்லிவருகிறேன்; அதற்குக் காரணம் வாடிங்டனின் அந்தக் கண்டுபிடிப்பே.

ஆனால் இந்த விதிக்குப் பெரிய விலக்கு ஒன்று உண்டு. எந்தக் குறியும் காட்டாமல் கெட்டு, மிக அவசியமான வேளையில் மாத்திரம் கைவிடும் பொருளை, குறி தென்படும் வரையில் விட்டுவைக்க முடியாது. பிரேக் திரவம் அத்தகையது. லாரியும் டாக்ஸியுமாகிய போக்குவரத்து வாகனங்கள், பதிவாகி எட்டாண்டு வரையில் இரண்டாண்டுக்கொருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்காகக் காட்டியாக வேண்டும், பிரேக்கின் நிலையை ஓர் அதிகாரியாவது பார்க்கிறார். பிரிட்டனில் 1960 முதல் சொந்தக் கார்களுக்கும் அத்தகைய பரிசோதனை இருந்துவருகிறது. நம் நாட்டிலோ சொந்தக் கார் பதிவுசெய்த நாள்முதல் பதினைந்து ஆண்டு வரையில், புகைச் சான்றிதழைத் தவிர வேறு எதையும் யாரும் சட்டப்படி பார்ப்பதில்லை. அந்தப் பதினைந்து ஆண்டும் அதன் பிரேக்குக்கு அதன் சொந்தக்காரரே ஜவாப்தாரி.

பிரேக் பெடலை மிதிக்கும் காலின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் இந்தத் திரவம் கிளைக்கால் இனத்தைச் சேர்ந்தது. மழைக்காலத்தில் அடுக்களை உப்பு கசிவதுபோல, இதுவும் காற்றிலுள்ள ஈரத்தை ரப்பர்க் குழாய்களின் நுண்துளைகள் வழியாகவும் மூடியின் வழியாகவும் ஈர்த்துக்கொண்டேயிருக்கிறது. டாட் 3 என்னும் வகை புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரியிலும், டாட் 4 வகை 230 டிகிரியிலும் கொதிக்க வேண்டும் என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால், கொதிநிலை முறையே 140 டிகிரிக்கும் 155 டிகிரிக்கும் இறங்கிவிடலாம். நகரத்துக்குள் ஓட்டுகிறவருக்கு இந்த வித்தியாசம் ஆயுள் முழுதும் தெரியாமலே போகலாம். பெடல் இறுக்கமாகத்தான் இருக்கும். வண்டி நன்றாகத்தான் நிற்கும்.

அந்த வித்தியாசத்தை வெளிப்படுத்துவது மலை. ஏற்காடு சேலத்தைவிட ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குடும்பத்தோடும் சாமான்களோடும் 1,400 கிலோ எடையுள்ள ஒரு கார், அங்கிருந்து இருபது கொண்டைஊசி வளைவுகளையும் கடந்து அடிவாரத்துக்கு இறங்கும்போது இழக்கும் நிலைச்சக்தியைக் கணக்கிட்டால், ஐம்பது லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான உஷ்ணமாகும். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயர்களும் ஏற்றுக்கொள்கின்றன. தாழ்ந்த கியரில் இறக்கினால் பெரும் பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்கிறது. மிச்சம் முழுவதும் பிரேக்கைச் சேர்கிறது. பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக நினைத்து நியூட்ரலில் இறக்குகிறவர்கள் எஞ்சினின் பங்கையும் பிரேக்கின் தலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். இன்ஜெக்டர் உள்ள எஞ்சின் கியரில் இறங்கும்போது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் பெட்ரோல் முற்றிலும் நிறுத்தப்படுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் எரிந்துகொண்டேயிருக்கிறது. ஆகவே அவர்கள் செய்வது சிக்கனமுமன்று.

கொல்லிமலையில் இது இன்னும் கடுமை. ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கும், அறப்பளீஸ்வரரைத் தரிசிக்கவும், ஆகாயகங்கையில் நீராடவும் வரும் கூட்டம் திரும்பும்போது, சோளக்காட்டிலிருந்து காரவள்ளி வரையில் எழுபது வளைவுகளிலும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து இறங்குகின்றன. முன்வண்டி நிற்க நிற்கப் பின்வண்டியும் நின்றாக வேண்டியிருப்பதால் கால் பெடலைவிட்டு எடுபடுவதேயில்லை. பேடின் சூடு பிஸ்டன் வழியே திரவத்துக்கு ஏறுகிறது. முதலில் கருகல் நாற்றம் வரும். அது பேடிலிருந்து வருவது. எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டியது. அதன்பின்னும் மிதித்துக்கொண்டே போனால், ஈரம் சேர்ந்த திரவம் ஓரிடத்தில் கொதித்துக் குமிழியாகிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். ஆகையால் பெடல் மெத்தென்று உள்ளே இறங்குகிறதே தவிர விசை சக்கரத்தை எட்டுவதில்லை. அப்போது செய்யத்தக்கது, எஞ்சினை அணைக்காமல், ஒவ்வொரு படியாகக் கியரை இறக்கி, பெடலைப் பலமுறை விரைவாக மிதித்து, கை பிரேக்கையும் சிறிது சிறிதாக இழுத்து, மலைச்சுவர்ப் பக்கமாக வண்டியை நிறுத்துவதே. அரைமணி நேரம் ஆறவிட்டால் ஆவி மீண்டும் திரவமாகிப் பெடல் பழையபடி இறுகிவிடும். இதைக் கண்டு பழுது நீங்கிவிட்டதென்று நம்பிப் புறப்படுகிறவர்கள் அநேகர். நீங்கியது ஆவி மாத்திரமே. அதை உண்டாக்கிய ஈரம் அங்கேயே இருக்கிறது.

ஆகவே இரண்டாண்டுக்கொருமுறை, கார் ஓடியிருந்தாலும் நின்றிருந்தாலும், பிரேக் திரவத்தை முழுவதும் மாற்றிவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை மாசி மாதங்களில் மாற்றுவது நல்லது. அடுத்து வரும் ஏற்காட்டுக் கோடைவிழாவுக்கும் ஆடிக் கூட்டத்துக்கும் முன்னதாகத் திரவம் உலர்ந்த நிலையில் இருக்கும். மேலே அளவு குறைந்திருந்தால் சிறிது ஊற்றி நிரப்புவதை மாற்றியதாகக் கணக்கிடக் கூடாது. ஒரு காருக்கு ஒரு லிட்டர் திரவமே பெரும்பாலும் போதும். மூடி உடைக்காத புட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும், ஏனெனில் திறந்து வைத்த புட்டியிலும் ஈரம் ஏறிவிடுகிறது. ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலை மிதிக்க, மற்றொருவர் சக்கரத்துக்குச் சக்கரம் நிப்பிளைத் திறந்து, பழுப்பேறிய பழைய திரவம் வடிந்து புதியது தெளிவாக வரும் வரையில் காத்திருந்து மூட வேண்டும், ஏ.பி.எஸ். உள்ள காராயின் கையேட்டில் அதற்கென்று சொல்லியிருக்கும் முறையைப் பின்பற்ற வேண்டும். முடிந்தபின், மாற்றிய தேதியை ஒரு சிறு காகிதத்தில் எழுதி, எஞ்சின் அறையில் அந்தத் திரவக் கிண்ணத்தின் அருகிலேயே ஒட்டிவிடும்படி மெக்கானிக்கிடம் சொன்னால், அவர் தட்டாமல் செய்துகொடுப்பார்.